சுவருக்கும் மோட்டாருக்கும் நடுவே

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் முனகி அடங்கியது. இரும்பு வடம் விறைப்பாக நின்றது. கொட்டகைச் சுவரில் வடம் போவதற்காக விட்டிருக்கும் துளை வழியாகப் பார்த்தால், கேப்டன் பந்தெலிஸின் விசைப்படகு சரிவில் பாதி தூரம் ஏறி, மூக்கை என் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்தக் கோடையில் நாங்கள் மேலேற்றியதிலேயே பெரிய படகு அதுதான். வெளியே ஆண்கள் விசில் அடித்தார்கள். கையைத் துடைக்கத் துணியை எடுத்துத் திரும்பியபோது, மோட்டாரின் தண்டிலேயே மாட்டிய பின்பக்க விசிறி சுற்றுவதைப் பார்த்தேன்.

மின்சாரம் இல்லை. பொத்தான் அமுங்கித்தான் இருந்தது. ஆனாலும் விசிறி சுற்றியது, அதுவும் எதிர்ப்பக்கமாக. ஒரு இதழ் மெல்ல வந்தது, அடுத்த இதழ் வந்தது, யோசிப்பது போல நின்றது, அப்புறம் இன்னொன்று வந்தது. பிறகு அசையவில்லை. கதவு சாத்தியிருந்தது. அந்தக் கொட்டகையில் ஜன்னல் கிடையாது. துணியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் படகுத்துறையில் படகை வடத்தால் மேலே இழுக்கும் வின்ச்சை ஓட்டுவது நான்தான். ஓட்டிக்கொண்டிருந்தவன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு ஆள் வைப்பதைவிடத் தம்பி பெண்டாட்டியை நிறுத்துவது சுலபம் என்று சகெல்லாரிஸுக்குத் தோன்றியது. சகெல்லாரிஸ் என் கணவன் ஸ்கேவோஸின் அண்ணன். துறை அவர் பேரில் இருக்கிறது, பேச்சும் அவருடையது. ஸ்கேவோஸ் பலகை இடுக்குகளில் சணல் திணித்துக் கலப்பத்து அடிப்பவன். நாள் முழுக்கப் படகுக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். மேலே நடக்கிற எதிலும் தலையிடுவதில்லை என்பது அவனுடைய பெருமை, என்னுடைய எரிச்சல்.

கொட்டகையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. ஒரு பக்கம் மலைப்பாறை, மறுபக்கம் புனித நிக்கோலாஸ் கோயிலின் சுவர். யாரோ ஒரு முன்னோர் செங்கல்லை மிச்சம் பிடிக்க, கோயில் சுவரையே கொட்டகைக்கும் சுவராக்கிவிட்டார். உள்ளே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். அங்கே இருந்த பழைய கியர்பாக்ஸ் என் மாமனார் காலத்தது. அதற்குள் ஒரு திருகு, திருகு சுற்றினால் சுற்றும் ஒரு பல்சக்கரம், அவ்வளவுதான். திருகு சொன்னால் சக்கரம் கேட்கும். சக்கரம் எவ்வளவு முட்டினாலும் திருகு அசைந்து கொடுக்காது. சகெல்லாரிஸுக்கும் எங்களுக்கும் உள்ள ஏற்பாடு மாதிரிதான். அதனால் மோட்டாரை நிறுத்தினால் படகு நின்ற இடத்தில் நிற்கும். தென்காற்றுப் புயல் வந்தால் மட்டும் படகுக்குச் சங்கிலி போடுவோம். மற்றபடி வின்ச் பிடித்துக்கொள்ளும் என்று எல்லாரும் படுத்தார்கள், எழுந்தார்கள், அடியில் புகுந்து வேலை பார்த்தார்கள்.

போன குளிர்காலத்தில் அந்தச் சக்கரத்தின் பல்லெல்லாம் தேய்ந்து போனது. சகெல்லாரிஸ் பிரேயஸ் துறைமுகத்து மோட்டார் கடைக்குப் போன் போட்டார். நேராக நீட்டி வைக்கும் மோட்டார் என்றால் அதன் வால் சுவரைத் துளைத்துக்கொண்டு புனிதரின் மடியில் போய் நிற்கும். விற்பனைக்காரப் பையன் படகேறி வந்து அளவெடுத்து, செங்கோணமாகத் திரும்பும் கியர்பாக்ஸ் ஒன்றைப் படத்தில் காட்டினான். மோட்டார் சுவரை ஒட்டிப் படுத்துக்கொள்ளும், சுழற்சி மூலை திரும்பி வடத்துக்குப் போகும். பழையதைவிடச் சின்னது, பலம் ஜாஸ்தி, கரண்டும் குறைவு. என்ன வேலைக்கு என்று கேட்டான். இழுக்கிற வேலைக்கு என்றார் சகெல்லாரிஸ். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிடித்து நிறுத்துவதையும் ஒரு வேலை என்று எங்களில் யாரும் நினைத்ததே இல்லை.

பிரேக் உள்ள மோட்டாரைத்தான் அவன் முதலில் சொன்னான். ஆனால் பிரேக் வைத்தால் மோட்டார் ஒரு சாண் நீளும். அந்த ஒரு சாணுக்குக் கோயில் சுவரின் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லைக் குடைய வேண்டும். கல்லுக்கு அந்தப் பக்கம் புனிதரின் படம் தொங்குகிறது. பாதிரியார் முடியாது என்றார், பெண்கள் எல்லாம் கூடவே கூடாது என்றார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவள்தான். பழசுக்குப் பிரேக் இருந்ததா என்று சகெல்லாரிஸ் ஒரு கேள்வி கேட்டார். இல்லை. அதோடு பிரேக் பேச்சு முடிந்தது. அப்படியும் இடம் போதாமல், விசிறி மேல் இருந்த தகர மூடியைக் கழற்றிவிட்டுத்தான் மோட்டாரைச் சொருகினார்கள். பாதிரியார் துளசிக் கொத்தால் தீர்த்தம் தெளித்தார். வசந்த காலம் முழுக்கச் சின்னச் சின்னப் படகுகளை ஏற்றி இறக்கினோம். ஒரு குறையும் இல்லை.

மத்தியானம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாதா திருநாளுக்கு முந்தைய உபவாசம், அதனால் தக்காளி, ஆலிவ், நனைத்த வாற்கோதுமை ரஸ்க். படகைத் தாங்கும் மரத்தொட்டில் வழுக்கி ஏறுவதற்காகச் சரிவின் கட்டைகளில் காலையில் மாட்டுக்கொழுப்பு பூசியிருந்தோம். எங்கள் வயிறு தொடாத கொழுப்பு முழங்கை வரை எங்கள் கையில் நாறியது. ஸ்கேவோஸிடம் விசிறியைப் பற்றிச் சொன்னேன்.

"காத்தா இருக்கும்."

"கதவு சாத்தியிருந்துச்சு."

அவன் ரஸ்க்கைக் கடிப்பதை நிறுத்தினான். படகைப் பார்த்தான்.

"அண்ணங்கிட்ட நீ சொல்லாத. சாயங்காலம் நான் பேசிக்கிறேன்."

"சாயங்காலம் வரைக்கும் நீ எங்க இருப்ப?"

"வேற எங்க, அடியிலதான்."

இதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். படகின் அடிமுதுகான ஏராக்கட்டையை ஒட்டிய பலகை இடுக்கில் தண்ணீர் கசிகிறது, அதை இன்றே அடைத்தால்தான் நாளைக்குப் பெயிண்ட் பூச முடியும், திருநாள் ஊர்வலத்துக்குப் படகு தண்ணீரில் இருந்தாக வேண்டும் என்று வரிசையாகக் காரணம் சொன்னான். எனக்கு அவன் சொன்ன காரணங்கள் எல்லாம் தெரியும். எழுந்து போய்ப் படகுக்கு அடியில் குனிந்தான். முதலில் தலை மறைந்தது, பிறகு முதுகு, கடைசியில் கொழுப்பு படிந்த இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

காலையில் மலையின் நிழல் சரிவின் மேல் கிடந்தது. இப்போது அது விலகி, வெயில் நேராகக் கட்டைகள் மேல் இறங்கியது. காலையில் வெண்ணெய்க்கட்டி போல இருந்த கொழுப்பு பளபளத்து உருகி, ஓரங்களில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வசந்த காலத்தில் எங்கள் படகுகளைப் பிடித்து நிறுத்தியது புது கியர்பாக்ஸ் இல்லை. பழையதைப் போல இல்லாமல், படகு இழுத்தால் இது மோட்டாரையும் சேர்த்துப் பின்பக்கம் சுற்ற விட்டுவிடும். குளிரும், கட்டிக் கொழுப்பும், படகுகளின் இளைத்த உடம்பும்தான் அவற்றை நிறுத்தியிருக்கின்றன. எனக்குப் பயம் வந்தது. படகின் இரண்டு பக்கமும் தரையில் ஊன்றியிருந்த முட்டுக்கட்டைகளைப் பார்த்தேன். காலையில் ஸ்கேவோஸ் அவற்றை நேராக நிறுத்தியதை நான் பார்த்திருந்தேன். இப்போது அவற்றின் தலை கொஞ்சம், ஒரு விரற்கடைதான் இருக்கும், கடல் பக்கம் சாய்ந்திருந்தது.

சகெல்லாரிஸ் மரத்தடி மேசையில் கேப்டனோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கொட்டகைக்கு வரச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். விசிறி அசையாமல் இருந்தது. அவர் விரலால் ஒரு தட்டு தட்டினார். அது அரைச் சுற்று சுற்றி நின்றது.

"பாத்தியா, அது தூங்குது. நீயும் போய்க் கொஞ்சம் தூங்கு."

"முட்டு சாஞ்சிருக்கு, பாருங்க."

"உன் புருஷன் வச்ச முட்டு நேரா இருந்தாத்தான் அதிசயம்."

"ஒரு சங்கிலி போட்ருவோம் சகெல்லாரிஸ். போட்டா என்ன கெட்டுப்போகுது?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். புயலும் இல்லாமல் மழையும் இல்லாமல் பட்டப்பகலில் கேப்டன் கண்ணெதிரே சங்கிலி கட்டினால், சொந்த வின்ச்சையே நம்பாதவன் என்று ஊரெல்லாம் சொல்வான், அடுத்த தீவில் நீலக் கிரேன் வைத்திருக்கிறவனிடம் ஒவ்வொரு படகாகப் போய்விடும், பிறகு நாம் மூன்று பேரும் கடற்பஞ்சு விற்கப் போகலாம் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் முகத்திலும் ஒரு கணம் கவலை வந்து போனது. ஆனால் அவர் அதற்கு இடம் கொடுக்காமல் மேசைக்குத் திரும்பிவிட்டார்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. படகு மேட்டில் இருக்கும்போது 'கீழே' என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. சுத்தியல் விழுந்தால்கூட 'அந்தப் பக்கம் போச்சு' என்போம். இறக்கும் நாளில் 'தண்ணிக்கு விடலாம்' என்போமே தவிர அந்தச் சொல்லைத் தொட மாட்டோம். தொட்டால் படகு அதைக் கேட்டுவிடும் என்று நம்பிக்கை. விளையாட்டுக்குச் சொன்ன ஒருவனை மாமனார் அன்றோடு வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார். நானும் அதை இத்தனை வருஷமாக மீறியதில்லை. ஆனால் அந்தப் பாதங்கள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மேசைக்குப் போய், கேப்டன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"கேப்டன், உங்க படகு கீழ வந்துக்கிட்டிருக்கு. மெதுவா வருது, ஆனா வருது. அடியில இருக்கிறவர எந்திரிக்கச் சொல்லிட்டு சங்கிலி போடச் சொல்லுங்க."

பந்தெலிஸ் காபிக் கோப்பையை வைத்துவிட்டுத் திருஷ்டி கழியத் தன் சட்டைக்குள் மூன்று முறை துப்பிக்கொண்டார். சிலுவை போட்டுக்கொண்டார். பெரிய உடம்புக்காரர், கடலில் எதற்கும் அஞ்சாதவர். அவர் உதடு வெளுத்துவிட்டது.

"என் படகு மேட்டுல உக்காந்திருக்கு. அது காதுல விழுற மாதிரி இந்தப் பொம்பள அந்த வார்த்தையச் சொல்றா. இதுக்கா சகெல்லாரிஸ் நான் உன் துறைக்கு வந்தேன்?"

நான் சொன்ன விஷயம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. படகு நகர்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சகெல்லாரிஸின் கழுத்து சிவந்து, காது வரை ஏறியது.

"கேப்டன், என் மோட்டாரை நம்பாதவ இந்த ஊர்ல இவ ஒருத்திதான். நான் நம்புறேனா இல்லையான்னு நீங்களே பாத்துக்குங்க."

கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, சிந்தாமல், விருந்துக்குப் போகிறவர் போல நடந்து சரிவில் இறங்கினார். படகின் வயிற்றுக்குக் கீழே குனிந்து, முழங்கால் போட்டு, தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஸ்கேவோஸ் ஏதோ கேட்டான். அவர் சொன்ன பதிலுக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். சின்ன வயதில் அவர்கள் இப்படித்தான் சிரித்திருப்பார்கள் என்று நினைத்தேன். கேப்டன் என்னைத் திரும்பியும் பார்க்காமல், சொன்ன சொல்லுக்குப் பரிகாரமாக மெழுகுவர்த்தி ஏற்றக் கோயிலுக்குப் போனார்.

நான் கொட்டகைக்கு ஓடினேன். அங்கிருந்து சங்கிலியின் ஒரு முனையையாவது தனியாக இழுத்துப் போய் மாட்டிவிடலாம் என்றுதான் போனேன். சங்கிலி சுவரோரம் சுருண்டு கிடந்தது. ஆனால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்த தயக்கம் அதில் இல்லை. இதழுக்குப் பின் இதழாக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. வடம் சுற்றிய உருளை அசைவது தெரியவில்லை. ஆனால் மோட்டார் பல சுற்று சுற்றினால்தான் அந்த உருளை கொஞ்சம் நகரும் என்பது எனக்குத் தெரியும். முட்டுக்கட்டைகளின் தலை இன்னும் கொஞ்சம் போனால் போதும். அவை சரிந்துவிடும், படகு கடலுக்குப் போகும் முன்பே பக்கவாட்டில் படுத்துவிடும்.

பச்சைப் பொத்தானை அழுத்த முடியாது. அழுத்தினால் மோட்டார் வெடுக்கென்று மேலே இழுக்கும், அந்த உதறலில் முட்டுகள் விழும். அடியில் ஆள் இருக்கும்போது பச்சையைத் தொடக்கூடாது என்பது இந்தத் துறையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கீழே கிடந்த மரச்சில்லு ஒன்றை விசிறி இதழ்களுக்கு நடுவில் சொருகினேன். பிளாஸ்டிக் இதழ் ஒன்று டக்கென்று ஒடிந்து சுவரில் தெறித்தது. சில்லும் விழுந்துவிட்டது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

சுவருக்கும் விசிறிக்கும் நடுவே என் கை தட்டையாகப் போகும் அளவு இடைவெளி இருந்தது. கையை நுழைத்து, விசிறியின் நடுக்குமிழை உள்ளங்கையால் சுவர்ப் பக்கமிருந்து கவ்விப் பிடித்தேன். நின்றது. அவ்வளவு பெரிய படகு என் ஒரு கைக்கு நின்றது. இவ்வளவு லேசா என்று ஆச்சரியமாக இருந்தது, சிரிப்புகூட வந்துவிட்டது. அப்புறம் அது தள்ளத் தொடங்கியது. வலிக்கவில்லை, அவசரப்படவில்லை. உறங்கும் மாடு சாய்வது போல, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பாரத்தை என் கையில் இறக்கியது. கையை எடுத்துச் சங்கிலியோடு ஓடினால், மாட்டுவதற்குள் முட்டுகள் சரிந்துவிடும்.

"ஸ்கேவோஸ்!"

துளை வழியாகக் கத்தினேன். பதிலுக்கு மரச்சுத்தியலான கொட்டாப்புளியின் சத்தம் வந்தது. சணலை இடுக்கில் வைத்து அவன் அடிக்கத் தொடங்கியிருந்தான். பொட்டு, பொட்டு, பொட்டு என்று படகின் வயிறு முழுக்க அது எதிரொலித்தது. அந்த அடிக்கு நடுவில் யாருக்கும் எதுவும் கேட்காது, அடிக்கிறவன் செவிடாகித்தான் கிழவனாவான். இன்னும் கத்தினேன். மலையில் சில்வண்டுகள் வேறு கத்திக்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் அவன் நிறுத்தினான், அடுத்த சணலை எடுக்கிறான் என்று புரிந்தது, அந்த இடைவெளியில் மூச்சைப் பிடித்துக் கூப்பிட்டேன். சகெல்லாரிஸின் குரல் கேட்டது. "உன் பொண்டாட்டி இன்னும் முடிக்கல போலிருக்கு." மறுபடி கொட்டாப்புளி தொடங்கியது.

கோயிலுக்குள் கேப்டன் இருப்பது நினைவு வந்தது. என் தலைக்கு நேர் அந்தப் பக்கம், சுவர் தடிமன் தூரத்தில், அவர் புனிதருக்கு முன் நின்று ஜெபம் முணுமுணுப்பது மெல்லக் கேட்டது. இடது கையை மடக்கிச் சுவரில் குத்தினேன். கல்லில் தோல் உரிந்தது. திரும்பவும் குத்தினேன், விடாமல் குத்தினேன்.

அந்தப் பக்கம் ஜெபம் நின்றது.

நான் காத்திருந்தேன். செருப்பு தரையில் உரசும் சத்தம் வந்தது. அவர் வாசலுக்கு வருகிறார், சுற்றி வந்து கதவைத் திறப்பார், சங்கிலியை அவரிடம் காட்டினால் போதும் என்று நினைத்தேன். பிறகு கனமான ஏதோ தரையில் இறங்குவது கேட்டது. அவர் முழங்கால் போட்டிருக்கிறார். புனிதரே சுவரைத் தட்டிவிட்டார் என்று எண்ணியிருப்பார். ஜெபம் மறுபடி தொடங்கியது, முன்னைவிடச் சத்தமாக, நான் குத்தக் குத்த அதன் வேகமும் ஏறியது.

குத்துவதை நிறுத்தினேன். வெயில் துளை வழியாக உள்ளே வந்து வடத்தின் மேல் படுத்திருந்தது. கொட்டாப்புளி ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அந்தத் தள்ளல் கொஞ்சம் கூடியிருந்தது. விரல்களை இன்னும் இறுக்கினேன். கை வியர்க்கத் தொடங்கியது.